விகோ வீட்டு மேட்டில் முள்ளெலி

விகோவின் வலது கையில் சர்க்கரைக் கட்டி எடுக்கும் வெள்ளி இடுக்கி. இடது கையில் மூடி போட்ட வாளி. கீரைப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து, இலை இலையாகப் புரட்டி, பழுப்பு நிற ஓடில்லா நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிடமும் "மன்னிச்சுக்கோ" என்று வேறு சொன்னார்.

டென்மார்க்கில், எங்கள் மோர்ஸ் தீவில் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் எல்லோரும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவோம். நத்தைக்கு நடுவில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். போதகரின் மனைவிகூட ஜெபக் கூட்டத்துக்குப் போகிற வழியில் நாலைந்தை முடித்துவிட்டுத்தான் போவாள். விகோவுக்கு அது கொலை.

"இதையெல்லாம் எங்க கொண்டுபோய் விடுவீங்க?" என்று கேட்டேன்.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சிஸ்டர். அங்க சுதந்திரமா இருக்கும்."

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அஸ்கரோட உருளைக்கிழங்கு."

"இயற்கைக்கு எல்லை கிடையாது."

"அஸ்கருக்கு உண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் போனது அவர் மனைவி மார்கிட்டின் முழங்காலுக்குக் கட்டு மாற்ற. தேனீக்களுக்காக வெட்டாமல் விட்ட புல்லில் கால் சிக்கி, வாசலிலேயே விழுந்து, தையல் போட்டுக்கொண்டவள் அவள். செவிலி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. அது ஊரில் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

விகோ கோபன்ஹேகனில் தரைவிரிப்புக் கம்பெனி ஒன்றுக்கு விளம்பர வாசகம் எழுதியவர். ஓய்வு பெற்றதும், கிழவர் ஐனார் இறந்துபோன இந்த வீட்டையும் அதைச் சுற்றியிருந்த கொஞ்சம் நிலத்தையும் வாங்கினார். ஐனாரைக் கடைசிவரை குளிப்பாட்டியது நான். வீட்டின் ஒழுகல், ஓட்டை எல்லாம் எனக்கு மனப்பாடம். விகோ வந்து சேர்ந்தபோது மரக்கட்டைச் செருப்பு, வைக்கோல் தொப்பி, பறவைகளை அடையாளம் காண ஒரு புத்தகம், எல்லாம் புதிது. செர்ரிப் பழத்தை மைனாக் கூட்டம் தின்றது, "பங்காளிகள்" என்றார். துலிப் மொட்டை மான் மேய்ந்தது, "விருந்தாளி" என்றார். நாணல் கூரைக்குள் மரநாய் குடியேறி, படுக்கையறை உத்தரத்திலிருந்து அதன் மூத்திரம் சொட்டியது. அதற்கும் ஒரு வார்த்தை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். மார்கிட் கட்டிலை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதில்லை. பெரிது வேறொன்று. அவர்கள் குடிவந்து ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் போயாகிவிட்டது, ஊரில் ஒருத்தர்கூட அவர்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வரவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் போவது கட்டு மாற்ற. அது கணக்கில் சேராது.

"வேலியோரம் யார் வந்தாலும் பூச்சிமருந்து பத்திப் பாடம் எடுக்குறார், சிஸ்டர்" என்றாள் மார்கிட், நான் பழைய துணியைப் பிரிக்கும்போது. "அப்புறம் யார் வருவா? கோபன்ஹேகன்ல எங்க அக்கா ஒரு ரூம் காலியா வெச்சிருக்கா. சாங்க்ட் ஹான்ஸ் வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் என் மேசைல யாரும் உக்காரலைன்னா, அடுத்த வாரம் நான் கிளம்புறேன். அவர் நத்தையோட இருந்துக்கட்டும்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மறுநாள் வாளியும் இடுக்கியுமா நிக்கிறார்."

சாங்க்ட் ஹான்ஸ் என்பது ஜூன் மாதத்தில் ஊர் முழுக்க நெருப்பு மூட்டும் நாள். எங்கள் ஊர் நெருப்பு ஐனாரின் மேட்டில்தான், எப்போதும். வீட்டை வாங்குகிறவர் மேட்டையும் நெருப்பையும் சேர்த்து வாங்குகிறார். அவர் நெருப்புக்கு முன்னால் ஒரு பேச்சு பேச வேண்டும். எரிந்து அடங்கியதும் ஊர் அவர் முற்றத்தில் காபி குடிக்க வேண்டும். மார்கிட் நம்பியிருந்தது இந்தக் காபியை.

வெட்டிய வேலிச்செடி, காய்ந்த கிறிஸ்துமஸ் மரம், உடைந்த பலகை என்று ஏப்ரலிலிருந்தே ஆளாளுக்குக் கொண்டுவந்து மேட்டில் கொட்டுவார்கள். குவியல் வீட்டுக் கூரை உயரத்துக்கு வளர்ந்தது. அதற்குள் ஒரு முள்ளெலி நுழைவதை ஒரு நாள் விகோ பார்த்துவிட்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒரு தட்டுப் பால்.

நெருப்பு வைக்கிற நாளில் குவியலை அப்படியே பக்கத்து இடத்துக்கு மாற்றிப் போட வேண்டும் என்பது முறை. உள்ளே குடியிருக்கும் பிராணிகள் தப்பிக்கட்டும் என்று. பாலர் பள்ளியிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் நடப்பது என்னவென்றால், நெருப்புக் கமிட்டித் தலைவனான அஸ்கர் டிராக்டரில் வருவான், முன்னாலிருக்கும் இரும்புக் கவையால் ஓரத்தில் ரெண்டு குத்து குத்துவான், "புரட்டியாச்சு" என்பான். எல்லோரும் தலையாட்டுவோம்.

இந்த வருஷம் அவன் வந்தபோது குவியலுக்கு முன்னால் விகோ மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. "இது ஒரு வீடு. கதவைத் தட்டிவிட்டு வரவும்" என்று அழகான எழுத்தில். பழைய தொழில் விடுமா?

வேடிக்கை பார்க்க ஊரில் பாதி வந்துவிட்டது.

"ஐயா, நாற்காலியைக் கொஞ்சம் நகத்துறீங்களா? புரட்டணும்" என்றான் அஸ்கர்.

"உங்க இரும்புக் கவை உள்ள போனா குட்டிங்க குத்துப்பட்டுச் செத்துடும்."

"வருஷா வருஷம் புரட்டுறோம். எதுவும் செத்ததில்ல."

"செத்துச்சா இல்லையான்னு பாத்திருக்கீங்களா?"

"எரிஞ்சப்புறம் என்னத்தைப் பாக்குறது?"

சிலர் சிரித்தார்கள். பிறகு அவன் சொன்னது என்ன என்று புரிந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். கோயில் பாடகர் குழுவை நடத்தும் தாக்மார்தான் சமாளித்தாள்: "முள்ளெலி மேல இருக்கிற அக்கறைல பாதி பொண்டாட்டி முட்டி மேல இருந்தா புல்லையாவது வெட்டியிருக்கலாம்!"

"அது தேனீக்களுக்கு..." என்று ஆரம்பித்தார் விகோ.

"ஐயா, நெருப்பு உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றான் அஸ்கர். "இல்லைன்னா பக்கத்து ஊருக்குப் போயிடுறோம். அங்க சாசேஜும் பீரும் கூட உண்டு."

"இந்த மேடு என்னோடது. டிராக்டர் வரக் கூடாது."

ஊர் திரும்பத் தொடங்கியது. அப்போதுதான் மார்கிட் வீட்டிலிருந்து வந்தாள். முழங்கை வரை மாவு. கணவரைத் தாண்டிப் போய், குவியலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையைப் பிடித்து இழுத்துப் பத்தடி தள்ளிப் போட்டாள். அடுத்ததை இழுத்தாள்.

"என்ன பண்றே?" என்றார் விகோ.

"டிராக்டர் வேணாம்னா கையால எடுக்கணும். நாற்காலில உக்காந்துகிட்டு எடுக்க முடியாது. எழுந்திரு."

"தையல் பிரியும்டி" என்றேன்.

"பிரிஞ்சா நீங்கதான் இருக்கீங்களே, சிஸ்டர்."

வேறு வழியில்லாமல் நானும் கையுறையை மாட்டிக்கொண்டேன். நொண்டிக் காலோடு ஒருத்தியும் கிழவி ஒருத்தியும் மரத்தை இழுக்கும்போது, கை கட்டி நிற்க எங்கள் ஊர் ஆண்களுக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். அஸ்கர் மட்டும் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. "கையாலயா? சாயங்காலம் ஆயிடும். மேல இருக்கிறதை எடுத்தாப் போதும்பா, அடியைத் தோண்டாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஏன் சொன்னான் என்று சீக்கிரமே தெரிந்தது.

மேல் கிளைகளை எடுத்ததும் முதலில் வந்தது பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். அதன் உச்சி நட்சத்திரத்தை ஊரே தாக்மார் வீட்டு ஜன்னலில் பார்த்திருக்கிறது. அவள் வானத்தைப் பார்த்தாள். அடுத்து உரச் சாக்குகள், ஒரு கட்டு. ஈயப் பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம். தார் பூசிய கூரைத் தகடு. இரண்டு டயர். ஒரு சோபாவின் பாதி. இதில் எதையும் எரிக்கக் கூடாது. குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். கிடங்கு ஊரிலிருந்து கொஞ்ச தூரம், அவ்வளவுதான். அவரவர் பொருளை அவரவர் அடையாளம் கண்டு, யாரோ போட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு, தூக்கிப்போய்த் தங்கள் வண்டியில் வைத்தார்கள். அதைப் பார்த்து மார்கிட்தான் முதலில் சிரித்தாள். மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

அடியில் ஒரு மெத்தை கிடந்தது. நீலப்பூ போட்டது.

"அது யார் போட்டதோ" என்றான் அஸ்கர், டிராக்டர் மேலிருந்து.

"அஸ்கர், உங்கம்மாவை ஒரு குளிர்காலம் முழுக்க இந்த மெத்தைலதான் புரட்டிப் படுக்க வெச்சேன். ஓரத்துக் கிழிசலைத் தெச்சதும் நான்தான். இறங்கி வந்து ஒரு முனையைப் பிடி."

இறங்கி வந்தான். விகோ மறுமுனையைப் பிடித்தார். தூக்கினார்கள். அடியில், காய்ந்த இலையும் மெத்தைப் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூட்டில், தாய் முள்ளெலியும் நாலு குட்டிகளும். அஸ்கர் மெத்தை போடவில்லை என்றால் அதற்கு இவ்வளவு வசதியான வீடு கிடைத்திருக்காது.

விகோவின் முகம் பிரகாசித்தது. பேச வாயைத் திறந்தார். நான் கையுறைக் கையால் தாயைத் தூக்கி அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"பின்பக்கத்தைப் பாருங்க. இது உங்க பால்."

"அன்பாத்தான் குடுத்தேன், சிஸ்டர்..."

"மாட்டுப் பால் இதுக்கு ஆகாது, வயிறு போகும். உங்க அன்பு இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா குட்டிங்க அநாதை. தண்ணி வைங்க, போதும்."

அவர் வாயை மூடினார். நான் பார்த்தவரை அதுதான் முதல் தடவை. ஐந்தையும் கூட்டோடு உருளைக்கிழங்குக் கூடையில் வைத்து, தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடியை அவர் வெட்டாமல் விட்டிருந்த மூலைக்குக் கொண்டுபோனோம். அந்த மூலையால் உலகத்துக்கு விளைந்த ஒரே உபகாரம் அது.

சாயங்காலம் நெருப்பு வைத்தார்கள். எரிக்கக் கூடாததையெல்லாம் எடுத்த பிறகு குவியல் ஒரு கோழிக் கூண்டு அளவுக்கு இருந்தது. விகோ பேச்சைத் தொடங்கினார். ஆறேழு தாள் எழுதி வைத்திருந்தார். இரண்டாம் தாளில் காற்று திரும்பி, புகை நேராக அவர் வாய்க்குள் போயிற்று. அவர் இருமினார். பேச்சு முடிந்தது என்று ஊர் பலமாகக் கைதட்டியது. பாட்டு பாடினோம். பாட்டு முடிவதற்குள் நெருப்பும் முடிந்தது.

பிறகுதான் கஷ்டம். முற்றத்தில் நீள மேசை, வெள்ளைத் துணி, கோப்பைகள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் தட்டுத் தட்டாக. மார்கிட் காபிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் வேலிக்கு வெளியே நின்றது. காலையில் பாதிப் பேரின் குப்பையை அவள் தன் கையால் இழுத்துப் போட்டிருக்கிறாள்; அவள் மேசையில் முதலில் போய் உட்கார யாருக்கு முகம் இருக்கிறது? நான் போய் உட்கார்ந்தால் அது கட்டு மாற்றப் போனதோடு சேர்த்தி. அவளுக்கும் அது தெரியும். என்னைப் பார்க்கவில்லை, வேலியைத்தான் பார்த்தாள். தாக்மார் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருத்தர் நாயைக் கூப்பிட்டார்.

அஸ்கர்தான் வேலிக்கதவைத் தள்ளினான். வெட்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். சின்ன வயதிலிருந்தே அவனிடம் பசிதான் ஜெயிக்கும். வந்து உட்கார்ந்தான், ஒரு துண்டை எடுத்தான், மென்றான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் மார்கிட்.

"இதைவிட மோசமா சாப்பிட்டிருக்கேன்."

எங்கள் தீவில் கல்யாண விருந்துக்குக்கூட இதற்கு மேல் பாராட்டு கிடையாது. அதற்குப் பிறகு நாற்காலி போதவில்லை.

"அப்புறம் ஐயா" என்றான் அஸ்கர், மூன்றாவது துண்டோடு விகோவின் பக்கம் திரும்பி. "என் கிழங்குல தினமும் நத்தை வந்து நிக்குதே, அது உங்க பங்காளியா, விருந்தாளியா?"

மேசையே சிரிப்பில் வெடித்தது. விகோ பதில் சொல்ல எழுந்தார். மார்கிட் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, கையில் காபிப் பாத்திரத்தைக் கொடுத்தாள். "ஊத்து." அவர் ஊற்றினார். எல்லோருக்கும், கடைசிவரை, ஒரு வார்த்தையும் பேசாமல்.

கோப்பைகளைக் கழுவும்போது மார்கிட் என்னிடம் சொன்னாள்: "அக்காகிட்ட சொல்லணும். அந்த ரூமை வேற யாருக்காவது விடட்டும்."

"மரநாய்?"

"அதுக்கு ஆள் கூப்பிடுறதா அஸ்கர் சொல்லியிருக்கான். இவர்கிட்ட சொல்லாதீங்க."

மறுநாள் காலை, சாம்பல் ஆறியதும், அஸ்கர் ஒரு வாளியும் கயிறு கட்டிய காந்தமும் கொண்டுவந்து விகோவின் ஜன்னலைத் தட்டினான். எரிந்த பலகைகளின் ஆணி மேட்டில் கிடந்தால் மாட்டின் குளம்பில் ஏறும். அவற்றைப் பொறுக்குவது மேட்டுக்காரர் வேலை. விகோவுக்கு அது தெரியாது. அவர் தன் "இது ஒரு வீடு" பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்டியிட்டு, சாம்பலில் விரலால் துழாவினார். மார்கிட் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்து, விட்டுப்போன ஆணிகளைக் கைத்தடியால் சுட்டிக் காட்டினாள். வாளி நிறைந்ததும் அஸ்கர் அதை வண்டியில் மெத்தைக்குப் பக்கத்தில் வைத்து, குப்பைக் கிடங்குக்கு ஓட்டிப்போனான்.