அத்தை வீட்டில் இருந்தவர்

மாமா இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அத்தை வீட்டில் ஒரு ஆள் ஒளிந்திருப்பதாக அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பிரிஞ்சாங் என்ற மலையூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அத்தை அப்பாவின் தங்கை. தோட்டத்து லோரி ஓட்டிய ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு, தானும் வேதத்தில் சேர்ந்துவிட்டவர். பிள்ளைகள் இல்லை. மாமா நெஞ்சுவலியில் போன பிறகு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். அதற்கு முந்தின வீடு எங்களுடையது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். சந்தேகம் வந்ததும் அந்தப் பலகை வழியாகத்தான்.

பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்தியதும் அத்தை பேச ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு மலையில ஒரே மழை. காலு வழுக்கிருச்சு. நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன், சொல்லுங்க."

பிறகு பதிலைக் கேட்பதுபோல ஒரு மௌனம். அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. அம்மா கையில் பிடித்த கரண்டியோடு சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். ஜெபம் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். மாமாவின் சாவுக்கு வந்த பாதிரியார் கண்ணை மூடி, குரலை உயர்த்திச் செய்தது ஜெபம். இது வீட்டுக்கு வந்த மனிதரிடம் பேசுகிற பேச்சு.

"ஆம்பள யாரையோ வச்சிருக்கா. தோட்டத்து ஆபீஸ் கிராணி காதுல விழுந்தா வீட்டப் புடுங்கிடுவாரு லா," என்றார் அப்பாவிடம்.

"சும்மா இரு," என்றார் அப்பா. ஆனால் மறுநாளிலிருந்து அவரும் நாற்காலியை அந்தச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தைக்குத் துணை என்ற பேரில் என்னை அங்கே அனுப்பினார்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை குளிக்கப் போன நேரத்தில் கட்டிலுக்கடியில் பார்த்தேன், விறகுக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் பின்வாசலில் ஆண்கள் போடுகிற பெரிய ரப்பர் பூட்ஸ் இருந்தது. சேறு காயவில்லை. உள்ளே கையை விட்டேன். சூடு இன்னும் ஆறவில்லை.

அத்தை தேநீரும் ரொட்டியும் கொடுத்தார். நான் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"தனியா இருக்க பயமா இல்லியா அத்தை?"

"தனியா யாரு இருக்கா? அவருதான் கூடவே இருக்காரே."

"எங்க?"

"இங்கதான். மலைக்குப் போனா மலைக்கு வருவாரு. நான் தூங்குறப்பவும் முழிச்சிருப்பாரு."

உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். 'அவரு' என்றால் ஒரே ஆள்தான். அந்த ஆளைத்தான் புதைத்தாகிவிட்டதே! தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். பூட்ஸ் முதல் தூக்கம் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு தொடங்கியதும் அப்பா ஒரு விறகுக் கட்டையோடு கிளம்பினார். அம்மா பின்வாசலை மறித்து நின்றார். நான் அப்பாவின் பின்னால் போனேன். கதவுக்குத் தாழ்கூடப் போட்டிருக்கவில்லை. அத்தை தரையில் உட்கார்ந்து, முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். துணிப்பெட்டியைத் திறந்தார், அதற்குள் ஒரு கோழிகூட ஒளிய முடியாது. அம்மா பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது யாரோடது?"

"செத்துப்போனவரோடது, அண்ணி. சேத்துல நான்தான் போட்டுட்டுப் போறேன்."

"அப்ப யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்த?" என்றார் அப்பா.

அத்தை அவர் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். எதற்காக வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முறத்தைத் தரையில் வைத்தார்.

"ஆண்டவர்கிட்டண்ணே. பொதச்சுட்டு வந்ததும் எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டீங்க. நடுவுல ஒரு பலகதான். ஒருத்தரும் தட்டல. அன்னிக்குப் பேச ஆரம்பிச்சேன். அவரு மட்டும் போகல."

அப்பா கட்டையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். வெளியே போய்விட்டார். அம்மா மட்டும் போகவில்லை. அறையை மூலை மூலையாக இன்னொரு முறை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, முறத்தின் ஒரு பக்கத்தைத் தன்னிடம் இழுத்துக் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை பேசாமல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீதான அந்த வீட்டுல இருந்துட்டு வந்த. நெசமாவே அங்க யாரும் இல்லியா?"

"யாருமே இல்லம்மா," என்றேன். கேட்டால் நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன்.

"நல்லாப் பாத்தியா?"

"கட்டிலுக்கடிலகூடப் பாத்தேன்."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அத்தை மேல் ஒரு பழியும் இல்லை என்று ஆனதற்கு அம்மா ஏன் இப்படி ஏமாந்துபோனவர்போல அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.