கோயம்புத்தூருக்கு அனுப்பிய மாங்காய்

நியூசிலாந்தின் ஹாமில்டன் நகர நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குவது என் வேலை. புதன்கிழமைகளில் பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். பெயர் மையா. முதன்முறை வந்தபோது, ஆறு மாதக் குழந்தைக்கு என்ன ஊட்டலாம் என்று சொல்லும் புத்தகம் வேண்டும் என நரைத்த தலையுடைய அலுவலரிடம் உரக்கக் கேட்டாள். அவரும் அதே உரத்த குரலில், பூசணி நல்லது, தன் பேரனுக்கு அது பிடிக்கும் என்று விடையளித்தார். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் எவரும் தலை தூக்கவில்லை. யாரேனும் கேட்டுவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தவள் நான் ஒருத்திதான். பிறகு அருகில் சென்று, "உன் தம்பியா?" என்று கேட்டேன். "என் மகன்" என்றாள். என் நாக்கு தானாகவே, "மன்னித்துக்கொள்" என்றது. அவளுக்கு விளங்கவில்லை. வண்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நீங்கள் எழுப்பவில்லை, அவன் முன்பே விழித்துவிட்டான்" என்றாள்.

எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்பதை அவளுக்கு நான் விளக்கவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு நெடுநேரமாகும். தமிழில் விளக்கத் தேவையே இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. அவள் படிக்கும் பள்ளியிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை உண்டு. வாரந்தோறும் செவிலியர் ஒருவர் அங்கு வருகிறார். இதையெல்லாம் அவள் மழை வெயிலைச் சொல்வதுபோல் சொன்னாள். நான் அதே வயதுடைய இன்னொருத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பவித்ரா. இராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளியாக இருக்கும் என் அண்ணனின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் கால் வைத்தபோது, பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் வேலை செய்த இருபது வயதுக் கார்த்திக்கோடு வீட்டை விட்டுப் போனாள். மூன்றாம் நாள் இருவரும் திரும்பி வந்தனர். இரு வீட்டாரும் கூடிப் பேசி, பத்திரிகை அடிக்காமல், மேளம் வைக்காமல், ஒரு கோயில் வாசலில் தாலி கட்டச் செய்தனர். பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடும் என்றார்கள். சில மாதங்களில் அவள் கருவுற்றாள். அவளுக்குப் பதினெட்டு நிரம்புவது ஆவணியில். பிள்ளை பிறக்க வேண்டியதோ ஆனி இறுதியில்.

சென்ற சித்திரையில் மதினி, அண்ணனின் மனைவி, தொலைபேசியில் கிசுகிசுத்தாள். "சரசு, பிள்ளைக்குக் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முடியல. போனா போலீசுக்குச் சொல்லிருவாவ. மாப்பிள்ளையப் புடிச்சிட்டுப் போயிருவாவ." கருவுற்று ஆறு மாதமாகியும் அவளை ஒரு மருத்துவரும் தொட்டுப் பார்த்ததில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

அண்ணன் வீட்டில் பவித்ராவைப் பின்னறையில் வைத்திருந்தார்கள். அவள் இருமினாலும் வெளியில் கேட்காதவாறு தொலைக்காட்சி எந்நேரமும் அலறிக்கொண்டிருந்தது. தெருவுக்குச் சொல்லப்பட்ட செய்தி, அவள் கோயம்புத்தூரில் கணினி படிக்கிறாள் என்பது. நான் போய் இறங்கிய மாலையே எதிர்வீட்டு ராஜம்மாள் அக்கா ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார். உள்ளே உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய மாங்காய்க் கீற்றுகள்.

"பவித்ரா நல்லா படிக்காளா?" என்றார்.

"படிக்கா அக்கா" என்றாள் மதினி, முகம் மாறாமல்.

"கோயம்புத்தூருல இப்பிடி மாங்கா கெடைக்காது. அனுப்பி வையி. இன்னைக்கே அனுப்பிரு, நாளைக்குன்னா நைஞ்சு போயிரும்." சொல்லிக்கொண்டே அவர் பார்வை பின்னறைக் கதவில் ஒரு கணம் நின்று மீண்டது. "நெஞ்செரிச்சல் இருந்தா சீரகத் தண்ணி குடிக்கச் சொல்லு. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளையளுக்கு அது வரும்."

அவர் போன பின் பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத்தை, நேத்து மூணாவது வீட்டுல இருந்து கோயம்புத்தூருக்குப் புளியோதரை வந்துச்சு. முந்தாநேத்து அதிரசம். கோயம்புத்தூருல நான் ஒருத்தி எம்புட்டுத்தான் திங்க?"

நானும் சிரித்தேன். அச்சிரிப்பு அன்றிரவுக்குக்கூடத் தாங்கவில்லை. தெரு முழுவதற்கும் தெரியும். கருவுற்ற பெண்ணுக்கு வாய்க்கு வேண்டியதைத் தராமல் இருக்க அந்தப் பெண்களின் மனம் ஒப்பாது. அவள் கருவுற்றிருக்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லவும் ஒப்பாது. இரண்டுக்கும் நடுவே அவர்கள் கண்டுபிடித்த ஊர் கோயம்புத்தூர். அந்த ஊருக்கு மாங்காய் போகும், அதிரசம் போகும், சீரகத் தண்ணீர் போகும். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி மட்டும் போகாது. இந்த நாகரிகத்தைப் பாராட்டி எழுத இன்னொருவர் வரக்கூடும். எனக்கு அது இயலவில்லை. வீங்கிய கால்களை நான் என் விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, நிரம்பவில்லை.

மறுநாள் திருவில்லிபுத்தூருக்குப் போனேன். முன்பு நான் தமிழாசிரியையாகப் பணியாற்றிய ஊர். எவரையேனும் கேட்டால் வழி சொல்வார்கள் என்ற நம்பிக்கை. வழக்குக்கு வழி கேட்டால் வக்கீல் வீட்டைக் காட்டினார்கள். பரிகாரத்துக்குக் கேட்டால் சோதிடர் வீட்டைக் காட்டினார்கள். பதினேழு வயதில் தாயாகப் போகிற ஒருத்தி எதை உண்ண வேண்டும், எந்தக் குறிகளுக்கு அஞ்ச வேண்டும், எங்கே போய்ப் படுக்க வேண்டும் என்பதைக் கேட்க ஓர் இடம்கூட எவருக்கும் தெரியவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் முன்மேசைப் பெண் வயதைக் கேட்டாள். சொன்னேன்.

"பதினெட்டு முடியட்டும்மா. பொறவு கூட்டிட்டு வாங்க."

"பதினெட்டு முடிவதற்குள் குழந்தை பிறந்துவிடுமே, அம்மா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எங்கள இப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருக்காவ." குரலைத் தாழ்த்தி, "வயச இருபதுன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு எழுதியிருப்பேன்ல? ஏன் உண்மையச் சொல்லுதிய?" என்று கடிந்துகொண்டாள்.

ஆசிரியையாக இருந்தவளுக்குத் தன் ஊரில் கிடைத்த ஒரே அறிவுரை அது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிறுமிகளுக்குத் தாலி கட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. பிள்ளைகளைச் சீரழிப்பவரைச் சிறையிலடைக்கச் சட்டம் வேண்டும். போக்சோ சட்டம் எத்தனையோ குழந்தைகளுக்கு அரணாக நின்றிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்று வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு மருத்துவம் மறுக்கக்கூடாது என்பதும் விதியே. முதல் விதி ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாவது விதியை எவர் போய்ச் சொன்னார்? அச்சத்தை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் உரிமையை ஏன் அலுவலக அலமாரியில் விட்டுவிட்டு வந்தார்கள்? ஒரு பெண் கேள்வி கேட்க ஒரே ஒரு கதவை வைத்து, அக்கதவருகே காவலரையும் நிறுத்திவிட்டு, இவர்கள் ஏன் முன்கூட்டியே வருவதில்லை என்று ஆண்டுதோறும் கூட்டம் போட்டு வியக்கிறோம்.

வைகாசித் தொடக்கத்தில் ஒரு காலை பவித்ரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை, தலை பொளந்திரும் போல இருக்கு. கண்ணுல பூச்சி பூச்சியாப் பறக்கு."

இனிப் பொறுக்க முடியாது என்றேன். அண்ணன் நெற்றியில் அறைந்துகொண்டார். "ஏட்டி, உனக்கென்ன, நீ பிளேன் ஏறிப் போயிருவ. அவன உள்ள வச்சிட்டா இவளுக்கும் பிள்ளைக்கும் யாரு கஞ்சி ஊத்த?" அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்நேரம் இரவு வேலை முடிந்து தறிக்கூடத்திலிருந்து கார்த்திக் வந்தான். தலையெல்லாம் பஞ்சு. பவித்ராவின் முகத்தைப் பார்த்தான். பிறகு எவரிடமும் கலந்து பேசாமல் வெளியே போய் ஆட்டோவோடு திரும்பினான்.

அவளால் நடக்க முடியவில்லை. நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். அப்போது நடந்ததை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். தெருவின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. கோலமிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து உள்ளே போனார். குழாயடியில் நின்ற பெண் குடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சந்துக்குள் நுழைந்தாள். ராஜம்மாள் அக்கா தன் சன்னலை இழுத்து மூடினார். அருவருப்பினால் அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்பதைக் காக்கவே, அவளைக் காணாதிருக்க அவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உதவினார்கள். வாசற்படிக்கும் ஆட்டோவுக்கும் இடையே, சாக்கடைப் பலகையில் அவள் சரிந்தபோது, தாங்க மூன்றாவது கை ஒன்று தேவைப்பட்டது. ஓடி வந்தவன் கார்த்திக் மட்டுமே. மாங்காய் நறுக்கிய கைகளெல்லாம் தாழ்ப்பாளுக்குப் பின்னே இருந்தன.

அரசு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் அழுத்தம் பார்த்ததும் செவிலியரை விரட்டத் தொடங்கினார். ஊசி போட்டு உள்ளே கொண்டு போனார்கள். இன்னும் சற்று நேரமாகியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார். பிறகு, "யாரு கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம். அவ வீட்டுக்காரன்."

மருத்துவர் மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். "தம்பி, நான் போன் போட்டே ஆகணும். தெரியும்ல?"

"போடுங்க மேடம். மொதல்ல அவளப் பாருங்க." என்னிடம் திரும்பி, "சித்தி, நான் இங்கனயேதான் இருப்பேன், எங்கயும் ஓடிற மாட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றான்.

சொன்னபடியே இருந்தான். காவலர் வந்தபோது, அதற்குள் பிறந்திருந்த பெண் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டான், கொடுத்தார்கள். குழந்தை இரு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவே இருந்தது. பிழைத்துக்கொண்டது. பவித்ராவும் பிழைத்தாள். கார்த்திக் சில வாரங்கள் கழித்துப் பிணையில் வெளிவந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. தொடக்கம் முதலே மாதமொருமுறை அழுத்தம் பார்த்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய ஒன்றுக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் மூள்கிறது. அது இந்நாட்டின் குளிரிலும் தணிவதில்லை.

இவ்வாண்டுப் பொங்கலுக்கு இங்குள்ள தமிழர்கள் கூடினோம். நூலகத்து மையாவை அறிந்த ஒருவர், "சீருடையோட பிள்ளையத் தள்ளிட்டுப் போகுதுங்க. நம்ம ஊர்ல இதெல்லாம் உண்டா?" என்றார். "உண்டு" என்றேன். ஒருவர் வடையில் உப்புக் கூடிவிட்டது என்று தொடங்கினார். மற்றவரெல்லாம் நன்றியுடன் உப்பைப் பற்றிக்கொண்டார்கள். ஏழு கடல் தாண்டியும் அந்தக் கதவுகளைக் கூடவே கொண்டுவந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றிற்று.

மையாவைப் பொறாமையோடு மட்டும் பார்க்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருநாள் அவளிடம், "உனக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள்?" என்று கேட்டேன். "ஏன், நான் மெலிந்திருக்கிறேனா?" என்று மகிழ்ந்தாள். அவளுக்குச் செவிலியர் உண்டு, பள்ளி உண்டு, பணமும் ஓரளவு வருகிறது. எதிர்வீட்டில் குடியிருப்பவர் பெயர் அவளுக்குத் தெரியாது. பிரசவமாகி வந்த வாரத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றதாகச் சொன்னாள். பிரசவமான வீட்டுக்குப் பூண்டுக் குழம்பு போகாத ஒரு தெருவை என்னால் இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சென்ற மாதம் நூலகத் தலைமையாளர் என்னிடம் ஒரு தாளைத் தந்தார். இளம் வயதில் கருவுற்றவர்களுக்காக இந்நகரில் நடக்கும் ஓர் ஆலோசனை மையத்தின் துண்டறிக்கை. தமிழ்க் குடும்பங்கள் பெருகியிருப்பதால் தமிழிலும் வேண்டுமாம். நல்ல உரைநடையில் எழுதினேன். "உனக்கு எந்த வயதானாலும் நீ வரலாம். உன்னை எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். நீ சொல்வதைக் கேட்ட பின்னரே நாங்கள் பேசுவோம்." எளிதாக இருந்ததா என்று தலைமையாளர் கேட்டார். சொற்கள் எளியவை, உண்மையாக இல்லை என்று என் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போய்ப் பேனாவை எடுத்து, "எந்த வரி தவறு?" என்றார். எந்த வரியும் இல்லை என்று தலையசைத்தேன்.

அச்சான தாளைப் படமெடுத்து, எந்த ஊருக்கானது என்று எழுதாமல், பவித்ராவுக்கு அனுப்பினேன். திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்திலிருந்து அவளது குரல்பதிவு வந்தது. "அத்தை, நல்லா எழுதியிருக்கிய. இங்க எம் பக்கத்துல வத்திராயிருப்புப் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு உக்காந்திருக்கு. பதினாறுதான் இருக்கும், வயிறு தெரியுது. ஆத்தாகூட ஏதோ நிலக் கேசுக்கு வந்திருக்கு, இதுக்கு இல்ல. இன்னும் ஒரு ஊசிகூடப் போடலையாம். நீங்க எழுதுனதக் காட்டுனேன், ரெண்டு தடவ வாசிச்சுட்டா. இந்த எடம் எங்க இருக்கு, மதுரையா, விருதுநகரான்னு கேக்கா. எந்த பஸ்ஸுல ஏறணும் அத்தை? செத்த நேரத்துல எங்களக் கூப்பிட்டுருவாவ, சீக்கிரம் சொல்லுங்க."

பவித்ராவைப் பிழைக்க வைத்த அந்த அரசு மருத்துவமனைக்கே அந்தப் பிள்ளையைப் போகச் சொன்னேன். மருத்துவம் மறுக்கக்கூடாது என்ற விதியையும் எழுதினேன். உடனே அடுத்த பதிவு வந்தது. "அங்க வேண்டாமாம் அத்தை. அங்க போலீசு உண்டுன்னு அவ ஆத்தா பயப்படுதாவ. நோட்டீசுல போட்டுருக்கிற எடந்தான் வேணுமாம்."

நூலகத்தில் விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள். துண்டறிக்கையின் அடியில் ஹாமில்டன் முகவரி என் தமிழில், பிழையின்றி, தெளிவாக இருக்கிறது. வத்திராயிருப்பிலிருந்து புறப்படும் எந்தப் பேருந்தும் அத்தெருவில் நிற்பதில்லை. அதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக நின்றுகொண்டிருந்தேன்.