செனட்டரைப் புகழ்ந்து கெடுத்தவன்

சிட்னியின் மேற்கே, டூங்கபியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் பதினோரு வருடமாக ஒரு செனட்டர் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு டிசம்பரிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு காந்த நாட்காட்டி தபால் பெட்டிக்குள் வந்து விழும். கீழ்ப்பாதியில் பன்னிரண்டு மாதங்கள், மேல்பாதியில் அவர் முகம். நம் ஊரில் மக்கள் பிரதிநிதி என்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்பது அடி உயரத்தில் கும்பிட்டபடி நிற்பார். இங்கே நாடாளுமன்ற மேல்சபையின் உறுப்பினர் நாலு அங்குல உயரத்தில், தயிருக்கும் தோசை மாவுக்கும் வெளிக்காவலாக நிற்கிறார். கரண்ட் பில், மகளின் பள்ளிச் சுற்றறிக்கை, பல் டாக்டர் கொடுத்த தேதி எல்லாவற்றையும் விழாமல் தாங்குகிறவர் அவர்தான். வேறு எந்த அரசியல்வாதியும் என் குடும்பத்துக்கு இவ்வளவு உழைத்ததில்லை.

பழைய காந்தங்களை என் மனைவி வித்யா எறிய மாட்டாள். "நல்லாத்தானே ஒட்டுது, அதை ஏன் தூக்கிப் போடணும்?" என்பாள். அதனால் அவருடைய கடந்த பதினோரு வருட அரசியல் வாழ்க்கை முழுவதும் எங்கள் சமையலறையில் இடமிருந்து வலமாக வரிசையில் இருக்கிறது. முதல் மூன்று வருடம் கட்சிச் சின்னத்தோடு இருக்கிறார். நான்காம் வருடம் சின்னம் இல்லை. கட்சியோடு முறைத்துக்கொண்டு தனியாக நின்ற வருடம் அது. ஆறாம் வருடம் சின்னம் திரும்பி வந்துவிட்டது, முன்பைவிடச் சற்றுப் பெரிதாக. ஏழில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி அவர் மடியில் இருக்கிறது. எட்டில் நாயைக் காணோம். இடையில் நடந்தது என்னவென்றால், நாய்க்கு முடிவெட்ட அரசாங்கக் காரை டிரைவரோடு அனுப்பினார் என்று பத்திரிகைகள் இரண்டு வாரம் குரைத்தன. ஒன்பதாவது காந்தத்தில் கண்ணைத் தேவைக்கு மேல் அகலமாகத் திறந்து வைத்திருப்பார். சபையில் தூங்கி, வாக்கெடுப்பு மணி கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து, எதிர்த்து வாக்களிப்பவர்கள் உட்காரும் வரிசையில் போய் உட்கார்ந்து, தன் கட்சியின் தீர்மானத்தையே தோற்கடித்த வருடம் அது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. படகில் வந்தவர்களுக்கு இந்த நாட்டில் நிரந்தர இடம் கிடையாது என்று சபையில் உரக்கப் பேசியவர்களில் அவரும் ஒருவர். அப்படிப் பேசிக்கொண்டே, படகில் வந்த இரண்டு மூன்று பேரை இங்கேயே இருக்க விடும்படி அமைச்சருக்குச் சத்தமில்லாமல் கடிதமும் எழுதினார் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு உண்டு. காந்தத்தில் இரண்டுக்கும் ஒரே சிரிப்புத்தான்.

போன வருடக் கடைசியில் குகன் அண்ணன் எங்கள் குளியலறைக்கு டைல்ஸ் மாற்ற வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். படகில் வந்து இறங்கிப் பன்னிரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் தற்காலிக விசாதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். டூங்கபியில் பாதிக் குளியலறைகளின் தரை அவர் போட்டது. தேநீர் குடிக்க உட்கார்ந்தவர், ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, இந்தாள் ஜூனோட ரிட்டயர் ஆகிறாராம். லோயர் சொல்லுறார், பதவியிலை இருக்கிற செனட்டர் ஒராள் கடிதம் தந்தால் என்ரை ஃபைலுக்குப் பெரிய பலமாம். ஜூன் போச்சுதெண்டால் அந்தாளின்ரை கடிதத்துக்கும் என்ரை கடிதத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை."

"அண்ணே, அதை என்கிட்ட விடுங்க," என்றேன். "நம்ம தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு அவருதான் சீஃப் கெஸ்ட். வரவேற்புரை நான்தான். நான் பேசி முடிக்கிறதுக்குள்ள பேனாவை எடுப்பாரு பாருங்க."

"உமக்கு நம்பிக்கை கிடக்கு. எனக்குத்தான் பயமாக் கிடக்கு."

என் நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருந்தது. மதுரைப் பக்கம் நான் படித்த கல்லூரியில் எனக்கு வரவேற்புரை மன்னன் என்றே பெயர். படிப்பில் வேறு எந்தப் பெயரும் கிடைக்காததால் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆண்டு விழாவுக்கு எம்.எல்.ஏ. வந்தார். எங்கள் விடுதியில் தண்ணீர்த் தொட்டி உடைந்து, குளிப்பது வாரம் இரு முறை என்று ஆகியிருந்தது. நான் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வைகைக் கரையின் விடிவெள்ளியே என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு நிமிடம் அவரைப் பற்றியே பேசினேன். மனிதர் கண் கலங்கி, பேச்சின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதமே புதுத் தொட்டி வந்தது. அன்று முதல், புகழ்ச்சி என்பது அரசாங்கத்துக்குக் கொடுக்கும் மனுவின் இன்னொரு வடிவம் என்று உறுதியாக நம்பினேன். ஆகவே பொங்கலுக்குப் புதிதாக எதுவும் எழுதவில்லை. பழைய பேச்சையே ஆங்கிலத்தில் பெயர்த்தேன். வைகைக் கரை மேற்குச் சிட்னி ஆயிற்று. வேலை சுலபமாக முடிந்ததில் எனக்கு என்மேலேயே பெருமை.

பொங்கல் விழா ஒரு பள்ளி மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. ஜனவரி வெயில். முன்வரிசையில் செனட்டரும், அவர் அலுவலகத்துப் பெண் பெக்கும், உள்ளூர் வெள்ளைக்காரப் பிரமுகர்கள் நாலைந்து பேரும். சங்கத் தலைவர் செனட்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு சிரித்ததற்கே அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். பின்வாசல் ஓரம் குகன் அண்ணன், பரிமாறும் கரண்டியோடு நின்றார். நான் தொடங்கினேன்.

"மேற்குச் சிட்னியின் விடிவெள்ளியே!" மண்டபம் அமைதியாக இருந்தது. "சபையில் ஒரு கணமும் இமை மூடாத சிங்கமே!" முன்வரிசையில் ஒருவர் இருமினார். "புயலடித்தாலும் நின்ற இடம் மாறாத மலையே!" இருமியவர் இப்போது கைக்குட்டையை வாயில் வைத்திருந்தார். பேச்சு எடுபடுகிறது என்று எனக்கு உற்சாகம் வந்தது, குரலை உயர்த்தினேன். "வாயில்லா ஜீவன்களின் காவலரே!" வெள்ளைக்கார வரிசை முழுவதும் குலுங்கியது. பெக் தலையைக் குனிந்துகொண்டாள். செனட்டரின் கழுத்து பொன்னாடையின் சிவப்புக் கரைக்குப் போட்டியாகச் சிவந்தது. அந்த வேகத்தில் கடைசி வரிக்கு வந்தேன். "புகல் என்று வந்த எவரையும் திருப்பி அனுப்பாத பெருந்தகையே!"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் சிரிக்கவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் மூச்சுகூட விடவில்லை. குகன் அண்ணன் கரண்டியோடு நெற்றியில் கை வைத்ததை மேடையிலிருந்தே பார்த்தேன்.

செனட்டர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "முப்பது வருடமாகப் பத்திரிகைக்காரர்கள் என்னைக் கிழித்திருக்கிறார்கள். இவ்வளவு மரியாதையாக யாரும் கிழித்ததில்லை. ஹேப்பி பொங்கல்," என்றார். அவ்வளவுதான் அவருடைய சிறப்புரை. இறங்கி நேராகக் கார் நிறுத்தும் இடத்தை நோக்கி நடந்தார். பெக் என் பக்கத்தில் நின்று, ஆங்கிலத்தில், ஆனால் நம் ஊர் அத்தையின் முகத்தோடு கேட்டாள்: "அவரைக் கேலி பண்ணத்தான் கூப்பிட்டீர்களா?"

நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். தூங்காத சிங்கம். மாறாத மலை. நாய். நாலாவது விரலை மடக்காமலே போய்விட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என் அலுவலகத்தில் நன்றாக வேலை செய்கிறவனைத்தான் மேனேஜர் உதவாக்கரை என்று கூப்பிடுவார். வேலையை விட்டுத் துரத்தப் போகிறவனிடம் மட்டும் மிகவும் மரியாதையாகப் பேசுவார். இந்த நாட்டில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் லேசாகத் திட்ட வேண்டும். வானளவு புகழ்ந்தால் திட்டுகிறோம் என்று அர்த்தம். நான் ஒரு மனிதரை நானூறு பேர் முன்னால் பன்னிரண்டு நிமிடம் திட்டியிருக்கிறேன். குகன் அண்ணனின் பன்னிரண்டு வருடத்தை அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால், கார்க் கதவுக்கும் செனட்டருக்கும் நடுவில் குகன் அண்ணன் நிற்கிறார். கையில் காகிதக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல். என்னைக் கண்டதும், "தம்பி, இஞ்சை வாரும். நான் சொல்லுறதை இங்கிலீசிலை சொல்லும்," என்றார். பிறகு செனட்டரைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசினார். "படகிலை வந்தவனுக்கு இஞ்சை இடமில்லை எண்டு சபையிலை சொன்னனீங்கள். பிறகு என்ரை சிநேகிதன் ஒருத்தனை இருக்க விடச் சொல்லிக் கடிதம் குடுத்தனீங்கள். அவனும் படகுதான், நானும் படகுதான். இந்த ரெண்டிலை எது நீங்கள்?"

என் நாக்கு என்னைக் கேட்காமல் ஆங்கிலத்தில் சொன்னது: "உங்களுடைய நீண்ட சேவையை இவர் மிகவும் மதிக்கிறார்..."

"தம்பி, சேவை எண்டு நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை."

செனட்டர் என் தோளில் கை வைத்தார். "உன் பேச்சை இன்றைக்கு ஒரு தடவை கேட்டுவிட்டேன், போதும். அவர் சொன்னதை அப்படியே சொல்."

அப்படியே சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அரசியல்வாதியிடம் அடைமொழி இல்லாமல் பேசினேன். உடம்பில் சட்டை இல்லாதது போல் இருந்தது. "இரண்டும் நான்தான்," என்றார் செனட்டர்.

"அப்பிடியெண்டால் அது பிழை," என்றார் குகன் அண்ணன்.

பத்து நிமிடம் சண்டை. செனட்டர் கடலில் இறந்தவர்களைப் பற்றிச் சொன்னார். கதவைத் திறந்தால் இன்னும் படகுகள் வரும், இன்னும் பேர் சாவார்கள் என்றார். குகன் அண்ணன், செத்தவர்களைத் தனக்குப் பெயர் சொல்லியே தெரியும் என்றார். அதற்குப் பிறகு குகன் அண்ணன் சொன்னதையும் ஒரு சொல் மாறாமல் மொழிபெயர்த்தேன். "நான் போடுற தரைக்குப் பத்து வருசம் உத்தரவாதம் குடுக்கிறனான். என்ரை விசாவிலை ஆறு மாசம்தான் கிடக்கு. ஒழுகினால் ஆரிட்டைக் கேக்கிறது எண்டு சனம் கேட்டால், நான் என்னத்தைச் சொல்ல?"

செனட்டர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். காரில் சாய்ந்தபடி ஒரு கரண்டி தின்றார், இன்னொன்று தின்றார். "ஒழுகியிருக்கிறதா, எப்போதாவது?" என்று கேட்டார். "இல்லை," என்றார் குகன் அண்ணன். செனட்டர் பெக்கிடம் அவருடைய விவரங்களை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பொன்னாடையோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டு மேசையில் வைத்து நான் தமிழில் வாசித்தேன். "இவரை எனக்குப் பத்து நிமிடம்தான் தெரியும். அந்தப் பத்து நிமிடமும் என்னோடு சண்டை போட்டார். இவர் வந்த வழியைப் பற்றி நான் சபையில் பேசியவற்றில் பெரும்பாலானவற்றை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை, அதை அவரிடமே சொன்னேன், தவறு என்றார். இவர் போட்ட தரைகள் ஒழுகுவதில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இவரை அனுப்பிவிட்டால் நமக்குத்தான் நட்டம்." கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

குகன் அண்ணன் கடிதத்தை வாங்கி, ஆங்கில எழுத்துகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "தம்பி, இது என்னை இருக்க விடச் சொல்லுற கடிதமோ, அனுப்பச் சொல்லுற கடிதமோ?"

"இருக்க விடச் சொல்றதுதான், அண்ணே. இந்த ஊர்ல இதைவிடப் பெருசா யாரும் எழுத மாட்டாங்க."

"எண்டாலும் நாலு நல்ல சொல் போட்டிருக்கலாம்." கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "அந்தாள் போடேல்லை எண்டால் நீர் போடும். அயலவன் எண்டு நீரும் ஒரு கடிதம் எழுதும்."

"நானா? நடந்ததைப் பார்த்த பிறகுமா? சிங்கம் எல்லாம் வருமே அண்ணே."

"சிங்கம் வேண்டாம். கொடியிலை நிக்கிற சிங்கத்துக்குப் பயந்துதானே நான் படகேறினனான். மற்றதெல்லாம் போடும். எங்கடை ஆக்கள் ஆரும் அந்த ஒஃபிசிலை இருந்தால் அவைக்கு விளங்கட்டும்."

எழுதினேன். குகன் அண்ணனின் கை பட்ட தரையில் தண்ணீரும் பணிந்து நடக்கும் என்பது வரை எழுதினேன். லோயர் படித்துவிட்டுச் சிரித்தார். கெடுதல் ஒன்றும் இல்லை, இரண்டையும் மூல விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்புங்கள் என்றார். சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமல் விட்ட ஒரு கடிதமும், சொல்ல வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு சொன்ன ஒரு கடிதமும் ஒரே உறைக்குள் முதுகோடு முதுகாகப் போயின. நடுவில் குகன் அண்ணனின் பாஸ்போர்ட் அளவு புகைப்படம்.

தபால் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் உறையைத் தராசில் வைத்தாள், எடுத்தாள், தபால் வில்லை ஒட்டினாள். முகவரி தெளிவாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கச் சொல்லி அவரிடம் நீட்டினாள். குகன் அண்ணன் பார்த்தார், தலையாட்டினார். அவள் திரும்ப வாங்குவதற்காக மறுமுனையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். உறை வரவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. "யூ ஆல்ரைட், லவ்?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றார் குகன் அண்ணன், தமிழிலேயே. ஆனாலும் தன் பக்கத்து முனையை அவர் விடவில்லை. அவளும் இழுப்பதை நிறுத்திவிட்டு, தன் முனையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.