ஆசிட்டில் கழுவிய ஸ்பிரிங்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பட்டணம் காலியானபோது, மனைவியையும் குழந்தைகளையும் திருச்சிக்கு ரயிலேற்றினேன். பத்திரிகை வேலை என்பதால் நான் மட்டும் மயிலாப்பூரில் தங்கினேன். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள். என் வீட்டில் மனிதக் குரல் என்று இருந்தது கிராமபோன்தான். ஆபீசிலிருந்து வந்ததும் ஒரு பாட்டு வைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவேன்.

வைகாசியில் அது பாட்டின் நடுவே இழுத்து இழுத்து நின்றது. திறந்து பார்த்தேன். உள்ளே எஃகு ஸ்பிரிங் கடற்காற்றில் துருப்பிடித்திருந்தது. புதியது சீமையிலிருந்து வரவேண்டும். யுத்தத்தில் அதற்கு வழியில்லை.

ஆபீசில் படங்களுக்கு பிளாக் செய்கிறவர்கள் தகட்டை அரிக்க ஆசிட் வைத்திருப்பார்கள். கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, தண்ணீர் கலந்து, ஊறுகாய் ஜாடியில் ஸ்பிரிங்கை மூழ்கவைத்தேன். அதன்மேல் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. அரை மணியில் துரு போய் மின்னியது. துடைத்து, எண்ணெய் தடவி, உடனே பொருத்தினேன். இரண்டு பாட்டு பாடியது. மறுபடி முழுக்கச் சாவி கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

யாரும் தொடாமலே ஸ்பிரிங் வெடித்தது. குண்டுதான் என்று எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினேன். என்ன சத்தம் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மறுநாள் துண்டுகளை ராயப்பேட்டையில் கிராமபோன் ரிப்பேர் செய்யும் பாயிடம் கொண்டுபோனேன். முறிந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், ஆசிட்ல குளிப்பாட்டினியா?”

“துரு போயிடுச்சே, பாய்.”

“துரு பூடுச்சு. காத்து உள்ள பூந்துக்கிச்சே! கொப்புளம் கொப்புளமா வந்துச்சில்ல, அதான். சுடு எண்ணெயில போட்டெடுத்து நாலு நாள் சும்மா வெச்சிருந்தா அதுவா வெளிய பூட்டிருக்கும். நீ உடனே முறுக்கிட்டே. அப்பளமா ஒடிஞ்சி கீது.” பிறகு சிரித்தார். “அப்படி இன்னா அவசரம்? கச்சேரி கேக்க வூட்ல யாரு கீறாங்கோ?”

கேலியாகத்தான் கேட்டார். நான் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.

அவர் சொன்ன காற்று ஹைட்ரஜன் என்று பல வருஷம் கழித்து ஒரு விஞ்ஞானக் கட்டுரையைத் திருத்தும்போது தெரிந்தது. அமிலம் இரும்பை அரிக்கும்போது அது பிறக்கிறது. பெரும்பகுதி குமிழியாகப் போய்விடும். மிச்சம் எஃகுக்குள் நுழைந்து, முறுக்கி வைத்த நிலையில் அதை ஒடித்துவிடும். துருவோடு விட்டிருந்தால், இழுத்துக்கொண்டாவது சில மாதம் பாடியிருக்கும்.

பாயிடம் போய்வந்த அன்று சாயங்காலம் இசைத்தட்டை வைத்து, ஆள்காட்டி விரலால் சுற்றிப் பார்த்தேன். பாடியவள் ஒரு சமயம் குழந்தையாகவும், விரல் தளர்ந்தபோது ஆணாகவும் பாடினாள். ஒரு பக்கம் முடிவதற்குள் விரல் வலித்தது. திருப்பிப் போட்டேன்.