ஆளுக்கொரு காது

அன்றைக்கு வந்த எரிச்சலுக்கு ரஃபியா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போயிருப்பாள். திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை வரை நடக்க முடியாதே என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரஃபியாவும் புருஷன் இஷாக்கும் வடமதுரையில் தையல் கடை வைத்திருக்கிறார்கள். அவன் வெட்டுவான், அவள் தைப்பாள். தினமும் காலை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். இரண்டு பேருக்கும் ஒரே ஹெட்செட். இடது பக்கத்து வயர் அவன் காதில், வலது அவள் காதில். முழுசாகக் கேளுங்கள் என்று கொடுத்தாலும் வாங்கமாட்டான்.

"நான் மட்டும் கேட்டா நல்லாவா இருக்கும்? ஆளுக்கொண்ணாக் கேப்போம் புள்ள" என்பான். ஆசையாகத்தான் சொல்வான். அந்த ஆசைதான் அவள் உயிரை வாங்கியது.

தினமும் ஓடுவது ஒரே பாட்டுத் தொகுப்பு; ஜெஸ்ஸி என்ற பெண் தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடியது. 'ஒரு பகல்' என்று பேர். வந்து இருபது வருஷமாகியும் அதைப்போல இன்னொன்று வரவில்லை என்பது ரஃபியாவின் கட்சி. ஒரு வீட்டில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஒன்பது பாட்டு. ஒரு பாட்டு முடிகிற மூச்சிலேயே அடுத்தது தொடங்கிவிடும். ஒட்டுப் போட்ட இடம் தையல்காரி கண்ணுக்கே தெரியவில்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் உண்டு. அந்த வீட்டுப் பெண் வாய்விட்டுச் சொல்வதெல்லாம் இடது காதில் வரும். சொல்லாமல் முழுங்கியதெல்லாம் வலது காதில் வரும். இடதில் 'சரிங்க' என்று குழைகிற அதே நேரம் வலதில் கொதிப்பாள். தாளம் இம்மி பிசகாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அது பாட்டு.

இஷாக் வருஷக்கணக்காக இடதை மட்டும் கேட்டான்.

"தங்கமான பொண்ணு, எதுத்து ஒரு வார்த்தை இல்ல. ஆனா தூக்கம் தூக்கமா வருது" என்று அன்றைக்கும் கொட்டாவி விட்டான்.

அன்று காலையில்தான், ஒட்டன்சத்திரத்தில் படுக்கையில் கிடக்கிற அத்தாவை, பெற்ற தகப்பனை, போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று அவனிடம் கேட்டிருந்தாள். "பெருநாள் தையலை வச்சுக்கிட்டு எங்க போறது? அப்புறம் பாப்போம்" என்றான். அவளும் "சரிங்க" என்றாள்.

கொட்டாவியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் காதில் இருந்ததைப் பிடுங்கி அவனுடைய மறு காதில் திணித்தாள்.

"என்ன புள்ள, என்ன ஆச்சு உனக்கு?"

"பேசாமக் கேளுங்க. தூங்குனீங்க, பஸ்ஸுன்னும் பாக்கமாட்டேன், கத்திப்புடுவேன்!"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

அந்தப் பாட்டிலேயே இஷாக் கண்ணை அகலத் திறந்தான். அடுத்ததில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வடமதுரையில் இறங்கும்போதும் வயர் இரண்டும் காதிலேயே இருந்தன. கடை வாசலில் சாவியை எடுத்தவன் பூட்டைத் தொடாமல் நின்றான்.

"காலைல சரிங்கன்னியே புள்ள... அப்ப வலது காதுல என்ன ஓடுச்சு?"

"இம்புட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்!" என்றாள் ரஃபியா. "அத்தா மவுத்தாகி மண்ணுக்குள்ள போனப்புறம் போயி யாரைப் பாக்குறதுன்னு ஓடுச்சு."

இஷாக் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டான்.