செம்பில் எழுந்த ஏரி

மத்திகிரியில் குடியேறிய இரண்டாம் வருடம், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என் மனைவி அழவில்லை. தூங்கினாள். நான் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது ஜன்னலோரம் படுத்திருப்பாள். எழுந்ததும் கனவைச் சொல்வாள்.

ஒரே கனவுதான். கரையே இல்லாத ஓர் ஏரி. தண்ணீருக்கு மேலே நிற்கிறாளா, உள்ளே நிற்கிறாளா என்று அவளுக்கே தெரியாது. அந்தத் தண்ணீரின் நிறத்தைச் சொல்லத்தான் திண்டாடுவாள்.

"மயில் கழுத்து மாதிரிங்க... ம்ஹூம், அது இல்ல. உள்ளேர்ந்து வெளிச்சம் வர்ற பச்சை."

வேறு எதைப் பற்றியும் பேசாதவள் இதைப் பற்றி மட்டும் பேசினாள். அதனாலேயே அந்த நிறத்தை எப்படியாவது அவள் கண்முன் கொண்டுவர நினைத்தேன். கலர் பென்சில் வாங்கித் தந்தேன். தொடவில்லை.

என் கம்பெனியில் செம்புக் குழாய்களைப் பற்றவைப்போம். தீ பட்ட இடத்தைச் சுற்றிச் செம்பு ஆரஞ்சாகும், ஊதாவாகும், ஒரு கணம் நீலம் காட்டும். தினமும் பார்த்துத் துடைத்துவிடுகிற நிறங்கள். சூப்பர்வைசரிடம் கேட்டுக் கழிவுத் தகடுகள் சில வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து, கேஸ் டார்ச்சால் சூடு காட்டினேன். தீயை எடுத்த பிறகுதான் நிறம் எழுந்து வந்தது, தூக்கத்திலிருந்து எழுவதுபோல.

ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இது இல்லைங்க" என்றாள். நாலாவது வாரம் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பழக்கமில்லாததால் தீயை ஒரே இடத்தில் வைத்துத் தகட்டில் பாதியைக் கருக்கிவிட்டாள்.

மாடு வைத்திருந்த வீட்டுக்கார அம்மா துணி காயப்போட வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"என்னாப்பா, ரெண்டு பேரும் தங்கம் பண்றீங்களா? ரசவாதமா?"

"இல்லம்மா. ஒரு பச்சை வேணும்" என்றாள் என் மனைவி.

"பச்சையா? எங்க கொட்டாயில செம்புச் சொம்பு ஒண்ணு கெடந்துச்சு. மாட்டு மூத்திரம் பட்டுப் பட்டு அப்படியே பச்சையாயிடுச்சு. வேணும்னா புடிச்சித் தரேன், வெச்சிப் பாரு."

முகம் சுளித்தாலும் வாங்கிக்கொண்டாள். காலி பெயிண்ட் வாளியில் மூத்திரத்தை ஊற்றி, அந்தக் கருகிய தகட்டில் உப்புநீர் தடவி, திரவத்தில் படாமல் தொங்கவிட்டு மூடிவைத்தோம். அந்த வாரம் முழுக்க மத்தியானத்தில் அவள் தூங்கவில்லை. ஒரு தடவை மூடியைத் திறக்கப்போய் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தை போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

திறந்தபோது, கருகிய பாதிக்குள்ளிருந்து நீலமும் பச்சையும் பூத்து வழிந்திருந்தன. கருப்பு, அடியில் ஆழமாக இருந்தது.

"இதுதானா?" என்று கேட்டேன்.

வெகுநேரம் பார்த்தாள். "அது இல்ல" என்றாள். "ஆனா இது இருக்கட்டும்ங்க."

தகட்டை மடியில் வைத்துக்கொண்டே திடீரென்று கேட்டாள்: "ஆஸ்பத்திரியில பாப்பாவ என்னைப் பாக்க விடலியே. நீங்க பாத்தீங்கல்ல? எப்படி இருந்தா?"

அத்தனை மாதமாக அந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தேன். சொன்னேன். தலை நிறைய முடி, உன் நெற்றி, மூடின கைகள். மாடியிலேயே அழுதோம். வீட்டுக்கார அம்மா பாதிப்படியில் வந்து நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப்போனார்.

அதன் பிறகு ஏரி வரவில்லை. "அந்த நிறம் இப்ப ஞாபகமே வர்றதில்ல. கண்ண மூடினா இந்தத் தகடுதான் வருது" என்று ஒருநாள் வருத்தமாகச் சொன்னாள். அவள் கனவை நான் எடுத்துக்கொண்டுவிட்டேனோ என்று எனக்கும் உறுத்தியது.

அவள் தொடர்ந்து தகடுகள் செய்கிறாள். எந்தக் கனவிலும் கண்ட நிறமல்ல. தீ எதைத் தருகிறதோ அது. போன மாதம் ஒன்றை முடித்துவிட்டு, "இதுக்கு அவ பேரை வைக்கலாமா?" என்றாள். நாங்கள் குழந்தைக்குப் பேரே வைத்திருக்கவில்லை. அன்று மாலை முழுக்க உட்கார்ந்து யோசித்து ஒன்று வைத்தோம்.