பரமேசக்காவின் கரிக்கோச்சி

என் குட்டி நீராவி ரயிலுக்கு, எங்கள் பேச்சில் கோச்சிக்கு, நான் ஒரு சின்னச் சக்கரத்தை அராவிக்கொண்டிருந்தபோது கந்தோர்ப் பியோன் சைக்கிளில் வந்தார். "பரமேசக்கா மோசம் போயிட்டா. விடிய நெஞ்சுநோ எண்டவாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது," என்றார். துக்கம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் எரிச்சல் வந்தது. என் கோச்சியை ஓடவிட்டுக் காட்டுவதற்குள் போய்விட்டாரே!

வவுனியாவில் ஒரு கட்டட வேலை அலுவலகம்தான் எங்கள் கந்தோர். அங்கே படவரைஞர்கள் இருவர்தான், அவரும் நானும். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பரமேஸ்வரி அக்கா என் எதிர் மேசையில் அமர்ந்த முதல் நாளே, நான் செய்துகொண்டிருந்த பித்தளைக் கொதிகலனைக் கண்டுவிட்டார். "கரிக்கோச்சிக்கோ தம்பி? சின்னனிலை ஸ்டேசனிலை பாத்தது. அப்ப நானும் ஒண்டு செய்யப்போறன்," என்றார். அன்று தொடங்கியது போட்டி. உண்மையான நீராவியில் ஓடும், ஒரு முழ நீள எஞ்சினை யார் முதலில் ஓட்டுவது? சண்டையில் வடக்கே தண்டவாளத்தையே பிடுங்கி எடுத்துவிட்ட காலத்தில் இரண்டு பேர் கோச்சி செய்கிறார்கள் என்று கந்தோரே சிரித்தது.

சில வருடங்கள் நான்தான் முன்னால் நின்றேன். பிறகு நகரில் கம்பியூட்டர் வகுப்புத் தொடங்கியது. கை இருக்க மவுஸ் எதற்கு என்று நான் போகவில்லை. அவர் போனார். கட்டடப்படம் வரையக் கற்றுக்கொடுத்த இடத்தில் அவர் எஞ்சின் வரைந்தார். சக்கரத்தைத் திரையிலேயே திருப்பித் திருப்பி, தண்டு எங்கே இடிக்கும் என்று உலோகத்தை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவார். நான் வெட்டிய பிறகு பார்ப்பேன். ஒரு கோடு பிழைத்தால் நான் பிளேடால் கடதாசியைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். அவர் தேத்தண்ணி ஆறுவதற்குள் திருத்திவிட்டுச் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும்.

ஒரே ஒரு முறை எனக்குக் கொண்டாட்டம் வந்தது. அவருடைய எஞ்சினின் உருளையும் அதற்குள் ஓடும் பிஸ்டனும் திரையில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. லேத்காரரும் அதே அளவில் கடைந்து கொடுத்தார். பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேன் என்றது. இரண்டுக்கும் ஒரே அளவு! சுவர்ப் படம் கீறிப் பழகியவர் செய்யும் பிழை. "கம்பியூட்டருக்குப் பித்தளையைத் தெரியாதக்கா," என்றேன். எவ்வளவு இனிப்பாக இருந்தது அந்த வார்த்தை! அவர் முகம் வாடவில்லை. "ஓம், எனக்கும் தெரியாதுதான். எவ்வளவு விடவேணும், நீர் சொல்லும்," என்று கதிரையை இழுத்துப்போட்டார். அப்படிக் கேட்பவரிடம் எப்படி மறைப்பது? மயிரிழை இடைவெளி போதும் என்று சொன்னேன்.

அடுத்த மாதமே அவருடைய எஞ்சின் ஓடியது, கந்தோர் முற்றத்தில், எல்லோரும் கைதட்ட. "தம்பி சொல்லித் தராட்டி இது ஓடியிராது," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வென்றதோடு நிறுத்தியிருக்கலாம். நல்லவராகவும் இருந்து தொலைத்தார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

செத்தவீட்டில் அவருடைய கணவர் அந்த எஞ்சினைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "எனக்கு இதை ஓட்டத் தெரியாது தம்பி. அவாவை எடுக்க முன்னம் ஒருக்கா ஓட்டிவிடுங்கோ. அவா கேக்கட்டும்."

முற்றத்தில் அதன் சின்னத் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, தண்ணீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினேன். ஓடாமல் நின்றுவிடாதா என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் நினைத்தேன். நிற்கவில்லை. ஊதிக்கொண்டு, பிசகில்லாமல், அவரைக் கிடத்தியிருந்த பந்தலுக்கு முன்னால் வட்டம் போட்டது. பறை அடித்தவர்கள்கூட அடிப்பதை நிறுத்திப் பார்த்தார்கள். தண்ணீர் தீர்ந்ததும் அதுவாக நின்றது. பிறகுதான் தூக்கினார்கள்.

என் கோச்சி இன்னும் மேசையில் சக்கரமில்லாமல் இருக்கிறது. அதை முடிப்பேன். அது ஓடும். ஆனால் அக்கா, இனி நான் யாரை முந்துவது? போய்வாருங்கள்.